புதிய ஸ்ட்ரீமிங் சேவை இலங்கைக்கும் வந்துவிட்டதாம்: மட்டக்களப்பில் யாராவது சந்தா கட்டினீர்களா?

கல்லடிப்பாலம் (வெள்ளி, இரவு 8.40)

இன்னுமோர் அமெரிக்கச் சேவை தன் பட்டியலில் இலங்கையையும் சேர்த்திருக்கிறது. பெயரை எழுதினால் விளம்பரம் என்று நிர்வாகி நீக்கிவிடுவார், ஆனால் எதைச் சொல்கிறேன் என்று எல்லாருக்கும் தெரியும். கொழும்பு நண்பர்கள் முகநூலில் கொண்டாடித் தீர்க்கிறார்கள்.

எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது, கூரையில் டிஷ்ஷும் இருக்கிறது. இரண்டுக்கும் மாதம் தவறாமல் கட்டுகிறோம். அம்மாவுக்கு ஏழு மணியிலிருந்து தொடர்நாடகம், தம்பிக்குக் கிரிக்கெட், அப்பாவுக்குச் செய்தி. புதியதை எடுப்பதென்றால் ஏதாவது ஒன்றை நிறுத்தியாக வேண்டும். கட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: தமிழில் என்ன கிடைக்கிறது? டிஷ்ஷை வெட்டிவிடலாமா?

சின்ன ஊறணி (வெள்ளி, இரவு 8.52)

வந்த அன்றைக்கே எடுத்துவிட்டேன் அண்ணா. படத்தின் தெளிவைப் பார்த்தால் டிஷ்ஷைத் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். ஆங்கிலத் தொடர்கள் குவிந்து கிடக்கின்றன. விளம்பரம் இல்லை, நேரத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. டிஷ் காலம் முடிந்துவிட்டது, கண்ணை மூடிக்கொண்டு வெட்டுங்கள்.

படுவான்கரை மாஸ்டர் (வெள்ளி, இரவு 9.30)

தம்பி சின்ன ஊறணி, வந்துவிட்டது என்கிறீர்கள், எதுவரை வந்தது என்றும் சொல்லுங்கள். நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தோம். பாலம் வந்த பிறகும் ஃபைபர் கம்பி எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை. சிம் போட்ட ரவுட்டர்தான் வீட்டு இணையம்.

கணக்கைப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் தன் உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது: உயர் தெளிவில் மணிக்கு 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை. இரவில் இரண்டு மணி நேரம் பார்க்கிற குடும்பத்துக்கு உயர் தெளிவில் மாதம் 180 ஜிபி. எங்கள் டேட்டாப் பொதியில் அந்த அளவு கிடையாது. பொதியில் பாதி நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் செல்லுபடியாகும் டேட்டா. பரீட்சை விடைத்தாள் திருத்துகிற நாளில்கூட நான் அந்த நேரம் விழித்திருப்பதில்லை.

வேகமும் அப்படித்தான். காலை ஆறு மணிக்கு நன்றாக ஓடும். இரவு எட்டானால் ஒரே கோபுரத்தில் நாலு கிராமம் தொங்குகிறது, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணையம் 2025 ஜூலையில் வந்ததே என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். வந்தபோது கருவிக்கே இலட்சம் ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். அந்தப் பணத்துக்கு இரண்டு கறவை மாடு இல்லாவிட்டாலும் ஒன்று வாங்கலாம்.

சின்ன ஊறணி (வெள்ளி, இரவு 9.41)

மாஸ்டர், தெளிவை நடுத்தரத்துக்குக் குறைத்தால் மணிக்கு 0.7 ஜிபிதான். மாதம் 42 ஜிபியில் முடிந்துவிடும். நள்ளிரவு டேட்டாவில் தரவிறக்கி வைத்து மறுநாள் பார்க்கலாம்.

படுவான்கரை மாஸ்டர் (வெள்ளி, இரவு 9.47)

தரவிறக்கியது கைத்தொலைபேசியின் சின்னத் திரையில் இருக்கும். வீட்டில் ஆறு பேர். யார் மடியில் வைத்துப் பார்ப்பது?

டிஷ் தம்பி, களுவாஞ்சிகுடி (வெள்ளி, இரவு 10.55)

வேலை முடிந்து இப்போதுதான் பார்த்தேன். டிஷ் காலம் முடிந்ததென்று சொல்லிய தம்பிக்கு வணக்கம். இந்த மாதமும் புதிய டிஷ் பூட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதலில் டிஷ்ஷின் குறைகளை நானே சொல்லிவிடுகிறேன். நாங்கள் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், செய்மதி வானத்தில் நல்ல உயரத்தில் நிற்கிறது. அதனால் இங்கே டிஷ் வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். மார்கழி மழையில் தண்ணீரும் காக்காய் எச்சமும் இலையும் அதில்தான். கல்லடி, நாவலடிப் பக்கம் உப்புக்காற்று ஆணியைத் தின்றுவிடுகிறது. கொனெக்டரைக் கழற்றினால் நடுவில் இருக்கும் செப்புக் கம்பி பச்சை பிடித்து விரலோடு முறிந்து வரும். கன மழை பெய்தால் சமிக்ஞை போய்விடும், அது யார் பூட்டினாலும் போகும்.

ஆனாலும் சனங்கள் ஏன் வைத்திருக்கிறார்கள்? ஒரு கடையில் போய் ரீலோட் போடுவதுபோல் காசைக் கொடுத்தால் வேலை முடிந்தது. கார்ட் வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். கையில் காசு இல்லாத மாதம் விட்டுவிடலாம். இந்திய டிஷ் வைத்திருக்கிறவர்களும் கரையோரம் முழுக்க இருக்கிறார்கள். அதற்கு இங்கே அனுமதி கிடையாது என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பூட்டுவதில்லை. ஆனால் ஏன் பூட்டுகிறார்கள் என்று கேட்டால் ஒரே பதில்: தமிழ்ச் சனல்கள்.

இன்னொன்று. புதிய சேவைக்காக மலிவான ஆண்ட்ராய்ட் பெட்டி வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பெட்டியில் வைட்வைன் என்றொரு பாதுகாப்புச் சான்று இருக்கிறது. எல்1 நிலை இல்லாத பெட்டியில் பெரிய சேவைகள் உயர் தெளிவைத் தராது, 480 என்ற பழைய தெளிவோடு நிறுத்திவிடும். 4கே என்று அட்டையில் அச்சடித்திருப்பது பெட்டியின் பெருமை மட்டும். டிஆர்எம் இன்ஃபோ என்ற செயலியைப் போட்டுப் பார்த்தால் நிலை தெரிந்துவிடும். கடைக்காரர் போட்டுப் பார்க்க விடாவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.

மருதமுனை உம்மா (சனி, காலை 6.15)

ஆண்கள் எல்லாரும் கம்பியையும் பெட்டியையும் பேசுகிறீர்கள். கல்லடிப்பாலம் தம்பி கேட்ட முதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. தமிழில் என்ன கிடைக்கிறது?

என் மகன் எடுத்துக் கொடுத்தான், நான் தேடிப் பார்த்தேன். பிள்ளைகளின் கார்ட்டூன் சிலவற்றுக்குத் தமிழ்க் குரல் இருக்கிறது, அது நல்லது. பெரியவர்களுக்கான தமிழ்ப் படங்கள் விரல்விட்டு எண்ணுமளவு, அதிலும் பாதி பழையவை. சென்னையில் இருக்கும் மச்சாள் தன் கணக்கில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நல்ல படம் பாருங்கள் என்று எனக்கு அனுப்பினாள். திறந்தால் உங்கள் பகுதியில் கிடைக்காது என்கிறது. அவள் பார்த்தது வேறொரு சேவையில்கூட இல்லை, நான் காசு கட்டுகிற அதே சேவையில்தான். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் படம் இந்தப் பக்கம் ஏன் இல்லை? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

குழந்தைகள் கணக்குக்குத் தனிப் பூட்டெண் போட முடிவது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. டிஷ்ஷில் அது சிரமம்.

ரொறொன்ரோ மச்சான் (சனி, காலை 7.02)

இங்கிருந்து என் நெட்ஃபிளிக்ஸ் கணக்கைத் தருகிறேன் என்று தங்கச்சி வீட்டுக்குச் சொல்லி வைத்திருந்தேன். ஆரையம்பதியில் அவர்கள் பார்த்தார்கள், நான் கட்டினேன். 2023 பெப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் கனடாவில் ஒரு வீட்டுக்கு ஒரு கணக்கு என்று விதி கொண்டுவந்தது. அதோடு அந்தத் தருமம் முடிந்தது. இப்போது அவர்களுக்குத் தனியாகக் கட்டுகிறேன்.

பழைய கசட் கடை (சனி, காலை 9.20)

மருதமுனைத் தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன். டவுனில் வீடியோ கசட் வாடகைக்கு விட்டவன், பிறகு சீடி, பிறகு டிவிடி விற்றவன். உரிமை வியாபாரம் எப்படி நடக்கிறதென்று ஓரளவு தெரியும், அதை மீறித்தானே நாங்கள் எல்லாரும் பிழைத்தோம்.

ஒரு தமிழ்ப் படம் முடிந்ததும் தயாரிப்பாளர் அதை முழுதாக விற்பதில்லை. தமிழ்நாட்டுத் திரையரங்கு ஒருவருக்கு, கேரளம் இன்னொருவருக்கு, வெளிநாட்டுத் திரையரங்கு மற்றொருவருக்கு, தொலைக்காட்சி ஒருவருக்கு, இணையம் ஒருவருக்கு. இணைய உரிமையிலும் இந்தியாவுக்கு மட்டும் வாங்குகிறவர் உண்டு, உலகம் முழுவதற்கும் வாங்குகிறவர் உண்டு. இந்தியாவுக்கு மட்டும் வாங்கிய படத்தை நமக்குக் காட்ட அந்தச் சேவைக்கே உரிமை இல்லை. இராமேஸ்வரத்திலிருந்து பார்த்தால் தலைமன்னார் எட்டிப் பிடிக்கும் தூரம், ஒப்பந்தக் காகிதத்தில் நாமும் ரொறொன்ரோவும் ஒரே வெளிநாடு.

2020 மே மாதம் திரையரங்குகள் மூடிக் கிடந்தபோது பிரைம் வீடியோ ஒரு தமிழ்ப் படத்தைத் திரையரங்குக்கு விடாமல் நேராக வெளியிட்டது. இருநூறுக்கு மேற்பட்ட நாடுகளில் ஒரே நாளில். அன்றிரவு சென்னைக்காரனும் செங்கலடிக்காரனும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். முடியாத காரியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். உலகத்துக்கும் சேர்த்து வாங்கினால் நமக்கும் வரும்.

இலங்கைக்கென்று தனியாக யாரும் உரிமை வாங்க வரமாட்டார்கள். 2012 கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் மூவரையும் கூட்டினால் சனத்தொகையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. அதில் ஃபைபரும் கார்டும் உள்ள வீடுகளைச் சலித்தெடுத்தால் எத்தனை மிஞ்சும்? நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரி 6ஆம் திகதி ஒரே அறிவிப்பில் 130 நாடுகளைத் திறந்தது, அதில் நாமும் ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் பிரைம் வீடியோவும் அப்படித்தான். யாரும் இலங்கையைக் கூர்ந்து பார்த்துத் திறக்கவில்லை, கதவைத் திறந்தபோது நாமும் வாசலில் நின்றோம். இப்போது வந்திருப்பதும் அதே கதைதான் என்பது என் எண்ணம்.

கல்லடிப்பாலம் (சனி, காலை 10.05)

நன்றி ஐயா. இது புரிந்ததும் கோபம் குறைந்தது, கட்டும் ஆசையும் சேர்த்துக் குறைந்தது. விலை விடயத்தில் யாராவது? டாலரில் காட்டுகிறது.

அக்கரைப்பற்றுக் கணக்கு (சனி, காலை 11.30)

டாலரில் காட்டினால் விலை இரண்டு இடத்தில் நகரும். ஒன்று அவர்கள் கூட்டுவது, மற்றது ரூபாய் விழுவது. நெட்ஃபிளிக்ஸின் அடிப்படைத் திட்டம் வந்த காலத்தில் 7.99 டாலர். டாலர் 144 ரூபாய்க்கு நின்ற 2016 தொடக்கத்தில் அது 1,150 ரூபாய். 2022இல் டாலர் 360ஐத் தொட்டபோது அதே 7.99 டாலருக்கு ஏறத்தாழ 2,900 ரூபாய். டாலரில் ஒரு சதமும் கூடாவிட்டாலும் நம் பையில் போவது இரண்டரை மடங்கு.

இப்போது டாலர் 300 என்று வையுங்கள், எட்டு டாலருக்கு 2,400 ரூபாய் வருகிறது. வங்கி நாணயமாற்றுக்குத் தன் வீதத்தைச் சேர்க்கும். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கும் 18 வீத பெறுமதி சேர் வரி என்று சட்டம் செய்திருக்கிறார்கள். முதலில் 2025 ஒக்டோபர் 1 என்றார்கள், பிறகு 2026 ஏப்ரல் 1க்குத் தள்ளினார்கள். அந்த வரியையும் போட்டால் 2,800ஐத் தாண்டும். எந்தச் சேவையாக இருந்தாலும் எட்டு டாலர் என்றால் மனத்தில் மூவாயிரம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு ஆலோசனை. சேமிப்புக் கணக்கின் கார்டைக் கொடுக்காதீர்கள். சிறு தொகை மட்டும் போட்டு வைக்கும் தனிக் கணக்கின் டெபிட் கார்டைக் கொடுங்கள். மாதம் முடிந்து தானாகப் புதுப்பிக்கும்போது காசு இல்லாவிட்டால் சந்தா தானாக நின்றுவிடும்.

ஐபிடிவி மலிவு (சனி, பகல் 12.10)

மாதம் 1000 ரூபாய்க்கு எல்லாச் சேவையும் எல்லாத் தமிழ்ச் சனலும். [இணைப்பு நிர்வாகியால் நீக்கப்பட்டது]

நிர்வாகி (சனி, பகல் 12.25)

திருட்டு இணைப்புகள் இங்கே வேண்டாம். மீண்டும் போட்டால் கணக்கு மூடப்படும்.

டிஷ் தம்பி, களுவாஞ்சிகுடி (சனி, பகல் 1.15)

நிர்வாகி செய்தது சரி. சட்டத்தை விடுங்கள், என் வாடிக்கையாளர்கள் இப்படி ஒரு வருடக் காசை முன்கூட்டிக் கட்டிவிட்டு என்னிடம் வந்து நிற்கிறார்கள். இரண்டு மாதம் ஓடும், பெரிய கிரிக்கெட் ஆட்டத்தன்று நின்றுவிடும், வாட்ஸ்அப் இலக்கமும் மறைந்துவிடும். எந்தக் கதவைத் தட்டுவது?

மாஸ்டர் சொன்ன வட்டம் சுற்றுவதற்குக் கோபுரம் ஒரு காரணம், இன்னொன்றும் உண்டு. நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் போன்ற பெரியவர்கள் அதிகம் பார்க்கப்படுவதை பல நாட்டு இணைய நிறுவனங்களுக்குள் பெட்டி வைத்துச் சேமிக்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் அதற்கு ஓப்பன் கனெக்ட் என்று பெயர் வைத்திருக்கிறது. அப்படிப் பெட்டி வைக்காத சேவையின் படம் வெளிநாட்டிலிருந்து கடலடிக் கம்பியில் வர வேண்டும். அந்தக் கம்பிகள் கரையேறுவது கல்கிசை, கொழும்பு, மாத்தறைப் பக்கம். அங்கிருந்து தரைவழியாக நாட்டைக் குறுக்கறுத்துக் கடைசியில் நம்மிடம். மழைக்காலத்தில் எங்கேயாவது மண் சரிந்து கம்பி அறுந்தால் நாங்கள்தான் முதலில் உணர்வோம். வேகச் சோதனையில் நல்ல எண் காட்டியும் ஒரு சேவை மட்டும் திணறினால் ரவுட்டரைத் திட்ட வேண்டாம்.

அண்ணாவியார் பேத்தி (சனி, மாலை 4.40)

வாங்குவது பற்றியே பேசுகிறோம். விற்பது பற்றி ஒரு வார்த்தை.

நான் கல்லடியில் நுண்கலை படிப்பவள். நண்பர்கள் சேர்ந்து குறும்படம் எடுத்தோம். இப்படியான சேவைக்கு அனுப்பலாமா என்று கேட்டுப் பார்த்தோம். தனி ஆளிடம் நேரடியாக வாங்குவதில்லை, இடைத்தரகு நிறுவனம் வழியாக வர வேண்டும் என்றார்கள். ஒலியைப் பேச்சு தனியாக, இசை தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும், பாட்டுக்கு உரிமைப் பத்திரம் வேண்டும், ஆங்கில உபதலைப்பு வேண்டும். நாங்கள் ஒரே ஒலிவாங்கியில் பதிந்தவர்கள். பின்னணியில் கேட்கும் கோயில் ஒலிபெருக்கிப் பாட்டுக்கு யாரிடம் போய்ப் பத்திரம் வாங்குவது?

ஆகவே யூடியூப். அதிலும் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வை என்று படி வைத்திருக்கிறார்கள். அதை ஏறிவிடலாம். அப்பப்பா வடமோடிக் கூத்து ஆடியவர், விடிய விடிய நடந்த கூத்தை ஒருவர் முழுதாகப் பதிந்து அங்கே ஏற்றியிருக்கிறார். ஒரு மூலையில் கமரா அசையாமல் நிற்கிறது. இரண்டு மணிக்குமேல் சிறுவர்கள் மேடையோரத்தில் படுத்துத் தூங்குகிறார்கள், மத்தளக்காரர் எழுந்து போய்த் தேநீர் குடித்து வருகிறார், எல்லாம் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள்தான் கருத்துப் பகுதியில் நிறைந்திருக்கிறார்கள். எந்தப் பெரிய சேவையும் அதை வாங்காது. வாங்கினால் முதலில் அந்தத் தேநீரை வெட்டிவிடுவார்கள்.

சின்ன ஊறணி (சனி, மாலை 5.05)

எல்லாம் சரி. ஒரு அமெரிக்க நிறுவனத்திடம் போய் ஏன் தமிழ் இல்லை, ஏன் கூத்து இல்லை என்று கேட்பது நியாயமா? ஆங்கிலத் தொடர் பார்க்கத்தான் அதை எடுக்கிறோம். நான் அதற்காகத்தான் எடுத்தேன், திருப்தியாக இருக்கிறேன்.

மருதமுனை உம்மா (சனி, மாலை 5.30)

நீங்கள் தனியாகப் பார்க்கிறீர்கள் தம்பி, உங்களுக்கு அது போதும். எங்கள் வீட்டில் ஒரே திரை, முன்னால் மூன்று தலைமுறை. காசு கட்டுகிறவர் எதற்குக் கட்டுகிறோம் என்று கேட்பதில் என்ன அநியாயம்?

கல்லடிப்பாலம் (சனி, இரவு 8.15)

இன்று தம்பியின் நண்பன் கணக்கில் எங்கள் திரையில் போட்டுப் பார்த்தோம். சின்ன ஊறணி சொன்னது பொய்யில்லை, தெளிவு அபாரம். வேகமும் குறையவில்லை.

ஒன்று மட்டும் இதுவரை யாரும் சொல்லாதது. அப்பாவுக்குக் காது மந்தம். ஆங்கிலப் படத்துக்கு ஆங்கில உபதலைப்பு இருக்கிறது, காலடி ஓசை, கதவு சாத்தும் ஓசை வரை எழுத்தில் வருகிறது. அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், ஆனால் அந்த வேகத்தில் வராது. தமிழ்ப் படத்தைப் போட்டோம். அதற்கும் ஆங்கிலத்தில்தான் எழுத்து. தமிழ் பேசுகிற படத்துக்குத் தமிழில் எழுத்து இல்லை! எழுபது வயதுத் தமிழாசிரியர், தமிழ்ப் படத்தை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பத்து நிமிடத்தில் எழுந்து போய் டிஷ்ஷில் செய்தியைப் போட்டுக்கொண்டார். அங்கே கீழே ஓடும் வரியாவது தமிழில் இருக்கிறது.

பழைய கசட் கடை (சனி, இரவு 8.50)

இதை அவர்களுக்கு எழுதிப் போடுங்கள் தம்பி. செயலிக்குள் கருத்து அனுப்பும் இடம் இருக்கும். உரிமை வாங்கக் கோடி வேண்டும், உபதலைப்புக்கு அவ்வளவு வேண்டாம். தமிழ்நாட்டிலும் காது மந்தமானவர்கள் இருக்கிறார்கள், இந்த ஒன்றில் நாம் சின்னச் சந்தை இல்லை.

படுவான்கரை மாஸ்டர் (சனி, இரவு 9.10)

நானும் எழுதுகிறேன். அப்பாவின் பெயரைப் போடாமல் நிலைமையை மட்டும் இரண்டு வரியில் தாருங்கள், பாடசாலையில் மற்ற ஆசிரியர்களிடமும் சொல்லி அனுப்ப வைக்கிறேன். காலையில் அனுப்புவோம், இரவில் கோபுரம் விடாது.

கல்லடிப்பாலம் (சனி, இரவு 9.40)

மாஸ்டர், நாளை எழுதி இங்கேயே போடுகிறேன். முடிவையும் சொல்லிவிடுகிறேன். டிஷ் இருக்கட்டும். புதியதை ஒரே ஒரு மாதம், அக்கரைப்பற்றுக் கணக்கு சொன்னபடி தனிக் கார்டில், பாடசாலை விடுமுறையில் எடுப்போம். தம்பி பார்க்க வேண்டியதையெல்லாம் அதற்குள் பார்த்துக்கொள்ளட்டும். டிஷ் தம்பி, மழை தூறினாலே எங்கள் வீட்டில் படம் சதுரம் சதுரமாக உடைகிறது. வந்து பார்க்க முடியுமா?

டிஷ் தம்பி, களுவாஞ்சிகுடி (சனி, இரவு 10.20)

தூறலுக்கே உடைந்தால் மழையின் பிழையில்லை அண்ணா, டிஷ் திசை விலகியிருக்கலாம், டிஷ்ஷின் முன்னால் நின்று சமிக்ஞையை வாங்கும் எல்.என்.பியில் தண்ணீர் போயிருக்கலாம் அல்லது கொனெக்டர் பச்சை பிடித்திருக்கலாம். செவ்வாய் காலை கல்லடிப் பக்கம் வேலை இருக்கிறது, வருகிறேன். ஏணி உங்கள் வீட்டில் இருக்கிறதா? என்னுடையது இன்னொரு வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது.